முகப்பூச்சின் ஆயுள்: அச்சிட்ட தேதியும் மூடி திறந்த நாளும்

எம் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு ஒரு முகூர்த்த மாதத்தின்போது நீரிழிவு நோயாளியான ஓர் அம்மையாரை அவருடைய மகள் அழைத்து வந்தார். அம்மையாரின் கன்னங்களில் சீழ்க்கொப்புளங்கள் தோன்றியிருந்தன. ஓர் இமை வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. வீட்டுத் திருமணத்திற்கு முந்தைய நாள் மகளே அன்போடு ஃபேஸ் பேக் போட்டுவிட்டிருக்கிறார். அந்த டப்பாவையும் உடன் கொண்டு வந்திருந்தார். அதைக் காட்டி, “எக்ஸ்பைரி ஆக இன்னும் ஆறு மாசம் இருக்கே டாக்டர்?” என்று கேட்டார். டப்பாவை எப்போது திறந்தீர்கள் என்று வினவினோம். சற்று யோசித்து, “ரெண்டு வருஷம் இருக்கும்” என்றார்.

அம்மையார் சிகிச்சையில் நலமடைந்தார். ஆயினும் மகளின் கேள்வி நியாயமானது. நம்மில் பெரும்பாலோர் அட்டையில் உள்ள தேதியை மட்டுமே நம்பியிருக்கிறோம். அத்தேதி மூடி திறக்கப்படாத பொருளுக்கு உரியது. மூடியைத் திறந்த நாளில் வேறொரு கணக்கு தொடங்குகிறது. அந்தக் கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூச்சு ஏன் கெடுகிறது?

நுண்ணுயிர்கள் பெருக நீர் வேண்டும். கிரீம், ஜெல், குழைத்த களிமண் ஆகிய வடிவங்களில் வரும் பூச்சுகளில் நீர் உள்ளது. அவை கெடாதிருக்கத் தயாரிப்பாளர்கள் பாதுகாப்புப் பொருள்களைச் சேர்க்கின்றனர். ஒவ்வொரு முறையும் விரலை உள்ளே விடும்போது தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களும், குளியலறை ஈரத்தில் வாழும் சூடோமோனாஸ் போன்றவையும் டப்பாவுக்குள் புகலாம். பாதுகாப்புப் பொருள் ஓரளவே அவற்றை எதிர்த்து நிற்கும். நாளடைவில் அதன் ஆற்றல் குன்றும்.

வெப்பமும் வெளிச்சமும் காற்றும் இதனை விரைவுபடுத்துகின்றன. வைட்டமின் சி, ரெட்டினால் போன்ற பொருள்கள் காற்றுப் பட்டால் சிதைந்து நிறம் மாறும். கீழக்குயில்குடி, நாகமலை, மதுரை நகர்ப் பகுதிகளில் சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டுக்கூரை அறையும், இருசக்கர வண்டியின் சீட்டுக்கு அடியிலுள்ள பெட்டியும் எவ்வளவு சூடேறும் என்பதை நாம் அறிவோம். அங்கு வைத்த பூச்சு, அட்டையில் அச்சிட்ட தேதி வரை தாங்கும் என எதிர்பார்க்க இயலாது.

நாற்றம், நிறமாற்றம், நீர் தனியே பிரிதல், பூஞ்சைப் புள்ளி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் பொருளை எறிந்துவிட வேண்டும். இவை எதுவும் தென்படாததால் பொருள் தூய்மையானது என்று முடிவு செய்யலாகாது. கண்ணுக்கும் மூக்கிற்கும் புலப்படாத அளவிலேயே கிருமிகள் தீங்கு செய்யக்கூடும்.

அட்டையை வாசிக்கும் முறை

இந்தியாவில் விற்கப்படும் அழகுப் பொருள்களை 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தொகுதி எண், உரிம எண், எந்த மாதம் எந்த ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் ஆகியவை அட்டையில் இருத்தல் வேண்டும். வெளிநாட்டுப் பொருளாயின் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும்.

சில டப்பாக்களில் மூடி திறந்த ஒரு சிறு டப்பாவின் படமும், அதனுள் ‘6எம்’ அல்லது ‘12எம்’ என்ற எழுத்தும் காணப்படும். திறந்தபின் எத்தனை மாதம் வைத்துப் பயன்படுத்தலாம் என்பதையே அது குறிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல், 30 மாதங்களுக்கு மேல் தாங்கும் அழகுப் பொருள்களுக்கு இக்குறி கட்டாயம். இந்திய டப்பாக்கள் சிலவற்றிலும் இதனைக் காணலாம். அச்சிட்ட தேதி, திறந்தபின் உள்ள மாதக் கணக்கு ஆகிய இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவே அப்பொருளின் ஆயுள்.

எனவே மூடியைத் திறக்கும் நாளிலேயே, அழியாத மை கொண்டு அத்தேதியை டப்பாவின் அடியில் எழுதி வையுங்கள். அந்தப் பழக்கம் மேற்கூறிய அம்மையாரின் துன்பத்தைத் தவிர்த்திருக்கக்கூடும்.

வகைக்கு வகை வேறுபாடு

ஷீட் மாஸ்க்: ஒரே முறைக்கு உரியது. உறையைப் பிரித்தவுடன் பயன்படுத்தி எறிந்துவிட வேண்டும். எஞ்சிய நீர்மத்தை மறுநாளைக்கு எடுத்து வைப்பதும், ஒருவர் பயன்படுத்தியதை மற்றவர் போட்டுக்கொள்வதும் கூடாது.

டப்பாவில் வரும் கிரீம், ஜெல், களிமண் பூச்சு: மாதக் குறி இருப்பின் அதுவே முடிவு. குறி இல்லையெனில் 6 மாதத்திற்கு மேல் வைத்திராதிருப்பதே எமது பரிந்துரை. விரலுக்குப் பதிலாக, கழுவி உலர்த்திய சிறு கரண்டியால் எடுப்பது நன்று. டியூபில் விரல் புகாததால் டப்பாவைவிட அது பாதுகாப்பானது.

உலர்ந்த பொடி: முல்தானி மட்டி, சந்தனப் பொடி, கஸ்தூரி மஞ்சள் போன்றவற்றில் ஈரம் இல்லாதவரை கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. ஈரக் கரண்டி ஒருமுறை பட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும். நீரில் குழைத்த பொடியை அப்போதே பயன்படுத்த வேண்டும்.

வீட்டில் தயாரிப்பது: தயிர், தேன், கடலை மாவு, பயத்தம் மாவு, பழக்கூழ் ஆகியவற்றில் பாதுகாப்புப் பொருள் ஏதும் இல்லை. ஒரு வேளைக்கு வேண்டிய அளவே கலந்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி கிருமிகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் நிறுத்தாது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் செல்லாதீர்கள். அவ்வினப் பழங்களின் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும், பல வாரங்கள் நீடிக்கும் கருமையும் உண்டாகலாம். சோடா உப்பு தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் கெடுப்பதால் அதையும் சேர்க்க வேண்டாம்.

அட்டையே இல்லாத பூச்சுகள்

காலாவதியான பூச்சைவிடவும் எம்மை அதிகம் கவலையுறச் செய்வது, தயாரித்தவர் யாரென்றே தெரியாத ‘வெள்ளையாக்கும்’ பூச்சு. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதுற்றுப் புரதம் கசியும் மெம்பரனஸ் நெப்ரோபதி என்னும் நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு இந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் தோன்றுமுன் வெள்ளையாக்கும் கிரீம்களைப் பூசி வந்தவர்கள். அவற்றில் கலந்திருந்த பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் சென்றதே காரணம் என அம்மருத்துவர்கள் கருதினர். பெரும்பாலோர் கிரீமை நிறுத்தியபின் நலமடைந்தனர்.

பூச்சில் தற்செயலாகக் கலந்துவிடும் பாதரசம்கூட, கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்கள் நீங்கலாக, பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டின் விதி. பாதரசத்தின் அளவைப் பூசிப் பார்த்துக் கண்டறிய இயலாது. அட்டையில் மெர்குரி, கலோமெல், மெர்குரஸ் குளோரைடு ஆகிய பெயர்களில் எதைக் கண்டாலும் வாங்காதீர்கள். உரிம எண்ணோ முகவரியோ இல்லாத டப்பாவையும் வாங்காதீர்கள்.

ஃபேஸ் பேக்கில் ஸ்டீராய்டு கிரீமைக் கலந்து பூசுவோரையும் காண்கிறோம். சில நாள்கள் முகம் பளிச்சிடும். பின்னர் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் பெருகும். கிரீமை நிறுத்தினால் எரிச்சல் மிகும். இத்தகைய தவறான பயன்பாட்டைத் தடுக்கவே, தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்கள், புற்றுநோய்க்கு மருந்து அல்லது கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் ஆகியோருக்குச் சிறு தொற்றும் பெரிதாகக்கூடும். மூக்கிலிருந்து வாயின் இரு ஓரங்கள் வரையிலான பகுதியின் இரத்த நாளங்கள், மூளையை ஒட்டிய நாளங்களோடு தொடர்புடையவை. அவ்விடத்துக் கொப்புளத்தைப் பிதுக்குவது ஆபத்து. இவர்களுக்கு ஃபேஸ் பேக் போடுமுன் பராமரிப்பாளர்கள் எங்களிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது நல்லது. ஆசை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நோயுற்றவரின் முகத்தை அழகுபடுத்துவதும் அன்பின் செயலே. புதிதாகத் திறந்த பொருளும் கழுவிய கையும் போதுமான பாதுகாப்பாக அமையுமா என்பதை நோயின் நிலையைப் பார்த்துச் சொல்வோம்.

ரெட்டினால் கலந்த பூச்சுகளைக் கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும். பருவுக்காக ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையோ ட்ரெட்டினோயின் கிரீமோ பயன்படுத்துவோர், உரித்தெடுக்கும் வகைப் பூச்சுகளைப் போடலாகாது. பூச்சுடன் தோலும் உரிந்து வரக்கூடும்.

பயன்படுத்தும் முறை

1. புதிய பூச்சை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு, நாளுக்கு இருமுறையாக 7 நாள்களேனும் பூசிப் பாருங்கள். கழுவி நீக்கும் பூச்சாயின், முகத்தில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவுங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் முகத்தில் போட வேண்டாம்.

2. கையையும் முகத்தையும் கழுவிய பின்னரே தொடங்குங்கள். புண், தீக்காயம், அக்கி உள்ள இடத்தில் பூசாதீர்கள். கண்ணையும் உதட்டையும் சுற்றி இடம் விடுங்கள்.

3. அட்டை கூறும் நேரத்தைத் தாண்டாதீர்கள். பெரும்பாலான பூச்சுகளுக்கு 10 முதல் 20 நிமிடம் போதும். களிமண் பூச்சு காய்ந்து வெடிக்கும்வரை காத்திருந்தால் தோல் வறண்டு எரியும்.

4. சாதாரண நீரால் மெல்லக் கழுவி, ஈரம் காப்பதற்கான கிரீமைப் பூசுங்கள்.

5. ஒரு டப்பாவை ஒருவரே பயன்படுத்துங்கள். குளியலறையிலன்றி, நிழலான உலர்ந்த அலமாரியில் வையுங்கள்.

எரிச்சல் தோன்றினால் உடனே நீரால் கழுவுங்கள். அதன்மேல் மஞ்சளோ வேறு கிரீமோ பூசாதீர்கள். கொப்புளம், சீழ், காய்ச்சல், கண்வலி, பார்வை மங்கல் இவற்றுள் ஏதேனும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் வாருங்கள். உதடும் நாக்கும் வீங்கினாலோ மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ 108ஐ அழையுங்கள். வெள்ளையாக்கும் கிரீம் பூசி வந்தவருக்குக் கால் வீக்கமோ, நுரை நிறைந்த சிறுநீரோ காணப்பட்டால் சிறுநீர்ப் பரிசோதனை தேவை. எந்நிலையிலும் டப்பாவை எறிந்துவிடாமல் உடன் கொண்டு வாருங்கள். அம்மையாரின் மகள் அவ்வாறு கொண்டு வந்ததனால்தான் காரணத்தை எங்களால் விரைவில் அறிய முடிந்தது.

இன்று மாலை உங்கள் வீட்டு அலமாரியிலுள்ள பூச்சுகளை எடுத்துப் பாருங்கள். எப்போது திறந்தீர்கள் என்று நினைவுக்கு வராதவற்றைத் தயங்காமல் விலக்கிவிடுங்கள்.