பழைய கணினிக்காகக் கட்டு

அன்புள்ள தங்கைக்கு,

நீ எழுதிய தமிழ்ச் சொற்பயிற்சி நிரல் உன் மடிக்கணினியில் ஓடுகிறது, ஆனால் சாந்தன்பாறைப் பள்ளியின் பழைய கணினியில் திறக்கவே மாட்டேன் என்கிறது. நீ அனுப்பிய பிழைச் செய்தியில் 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்றிருக்கிறது. ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம். உன் நிரலில் குறை இல்லை.

கேரளப் பள்ளிகளுக்குக் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ், உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது. அந்தக் கணினியில் இருப்பது 18.04 பதிப்பு, அதன் ஜிலிப்சி 2.27. நீ கம்பைல் செய்த 22.04இல் இருப்பது 2.35. ஜிலிப்சி 2.34இல் நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறே புதுப் பதிப்பெண் பெற்றது. அதனால் ஒரு வரி அச்சிடும் சி நிரல்கூட, 22.04இல் கம்பைல் செய்யப்பட்டால் 2.34ஐக் கேட்கும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது.

புது ஜிலிப்சியை எடுத்துப் பள்ளிக் கணினியில் திணித்துவிடாதே. மொத்த சிஸ்டமும் அதன்மேல் நிற்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட நின்றுபோகலாம். உன் மடிக்கணினியிலேயே 18.04 கன்டெய்னர் ஒன்றை வைத்து, அதற்குள் கம்பைல் செய். ஆப்இமேஜாகக் கட்டினாலும் இதே விதிதான்; ஜிலிப்சியை அது வழக்கமாகத் தன்னோடு எடுத்துப் போவதில்லை. ஃபிளாட்பேக் தன் அடித்தளத்தையும் சேர்த்தே கொண்டுவரும். ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான எம்பி இறக்க வேண்டும். எஸ்டேட் லயங்களில் சிக்னல் தேடி அலையும் பிள்ளைகளிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

டிபென்டன்சிப் பட்டியலை ஒளிவுமறைவின்றி எழுது. உன் கணினியில் லோஹித் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருந்ததால் அதைக் குறிப்பிட மறந்திருக்கிறாய். டெபியன் குடும்பத்தில் அந்தப் பேக்கேஜுக்கு ஒரு பெயர், ஃபெடோராவில் வேறு பெயர். ஃபெடோராவுக்கு ஆர்பிஎம் கட்டும்போது டெபியன் பட்டியலை அப்படியே ஒட்டினால் நிறுவல் தொடங்கவே தொடங்காது.

போடிமெட்டு இறங்கினால் தமிழ்நாடு. அங்கே விலையில்லா மடிக்கணினிகளில் சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸைப் பார்க்கலாம். அதுவும் டெபியன் வழிதான். உன் டெப் கோப்பு நிறுவப்படவும் கூடும். அதை வைத்து ஓடும் என்று முடிவுகட்டாதே. எந்த டெபியன் பதிப்பின்மேல் கட்டியது என்று பார். போடியில் சித்தி வீட்டுக்குப் போகும்போது, அங்குள்ள மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்து, டிஸ்ட்ரோவின் பெயர், பதிப்பு, முழுப் பிழைச் செய்தி மூன்றையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்