ஈப்போ கண்ட சீனிவாசகம் சகோதரர்கள்

பொதுப்பணம் அமானிதம் என்று மதரஸாவில் ஓதினோம். நம் லகாட்டுக்கு அருகே ஈப்போவில் அதற்காக வாதாடியவர்கள் டி. ஆர். சீனிவாசகமும் அவர் தமையனார் எஸ். பி. சீனிவாசகமும் ஆவர். இருவரும் வழக்கறிஞர்கள். 1953-இல் தோன்றிய பேராக் முற்போக்குக் கட்சியை வளர்த்தவர்கள்.

கல்வி அமைச்சர் அப்துல் ரகுமான் தாலிப் மீது டி. ஆர். பாராளுமன்றத்தில் லஞ்சக் குற்றம் சாட்டினார். உள்ளே பேசினால் வழக்கில்லை. வெளியே சொல்லத் துணிவுண்டோ என்றனர். வெளியேயும் சொன்னார்! அமைச்சர் மானநஷ்ட வழக்குத் தொடுத்துத் தோற்றார், பதவியையும் துறந்தார். அமைச்சர் நம் மார்க்கத்தவர், குறை சொன்னவர் பிறர் என்று நாம் நீதியை இரண்டாகப் பார்க்கலாமோ?

ஈப்போ நகராண்மைக் கழகத்தை அக்கட்சி நடத்தியது, எஸ். பி. தலைவராயிருந்தார். சுத்தமான நகரென்று ஈப்போ பெயர் பெற்றது அக்காலத்தில்தான். சாக்கடை அடைத்தால் மக்கள் தாம் வாக்களித்த உறுப்பினரிடமே போய்க் கேட்டனர். டி. ஆர். 1969-இலும் எஸ். பி. 1975-இலும் மறைந்தனர். டி. ஆர். பெயரில் ஈப்போவில் பூங்கா இருக்கிறது.

நகராண்மைத் தேர்தலோ 1965-இல் நிறுத்தப்பட்டது. கடைக்காரராகிய நாம் வீட்டுவரி, கடைவரி யாவும் கட்டுகிறோம்; அதைச் செலவிடுவோரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு மட்டும் இன்னும் திரும்பவில்லை.