ரிவர்ஸ் கியரில் எழும் அரைபடும் ஓசை

ஐதராபாத் நகரில் சார்மினாரைச் சூழ்ந்துள்ள பழைய தெருக்களில் கார் ஓட்டுவோர், எதிரே வேறொரு வண்டி வந்துவிட்டால், பின்னோக்கிச் சென்றே வழிவிட வேண்டியிருக்கும். பஞ்சாரா ஹில்ஸ் பகுதியின் சரிவான பாதைகளிலும் இத்தேவை அடிக்கடி ஏற்படும். அவ்வாறு ரிவர்ஸ் கியரைப் போடுகையில், பற்கள் ஒன்றோடொன்று மோதி அரைபடும் ஓசை சில வண்டிகளில் எழுவதுண்டு. இதைக் கேட்டவுடன் கியர் பெட்டியே கெட்டுவிட்டதென்று அஞ்சி, அதைக் கழற்றச் சொல்வோர் சிலர்; நாளடைவில் பழகிப்போய்ப் பொருட்படுத்தாது விடுவோர் சிலர். முன்னவருக்கு வீண் செலவு நேரும். பின்னவரின் வண்டி, வெளியூரில் குறுகிய ஏரிக்கரையொன்றில் பின்வாங்க இயலாமல் நின்றுவிடக்கூடும். இவ்வோசையின் மூலத்தை முறைப்படி கண்டறிவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

ஓசை பிறக்கும் விதம்

ஐதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் நிஜாம் மன்னருக்குரிய 1912-ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அக்காலத்துக் கார்களில் எந்த கியரை மாற்றினாலும், சுழலும் பற்சக்கரங்களின் வேகத்தை ஓட்டுநரே தம் திறமையால் ஒப்பாக்க வேண்டியிருந்தது. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு புகுத்தப்பட்டது. கூம்பு வடிவ வளையம் ஒன்று, பற்கள் கோத்துக்கொள்வதற்கு முன்னரே, உராய்வினால் இரு பகுதிகளின் வேகத்தையும் சமமாக்கிவிடும். இன்று முன்னோக்கிச் செல்லும் கியர்களில் இவ்வமைப்பு உண்டு. ஆனால் ரிவர்ஸ் கியர், வண்டி நின்ற பின்னரே போடப்படுவதாதலால், பல வண்டிகளில் அதற்கு இவ்வசதி அளிக்கப்படவில்லை. அவற்றில் நேர்ப்பற்களையுடைய இடைச்சக்கரம் ஒன்று நகர்ந்து சென்று, மற்ற சக்கரங்களுடன் நேரடியாகக் கோத்துக்கொள்கிறது.

வண்டி நியூட்ரலில் நிற்கும்போது எஞ்சின் ஓடினால், கியர் பெட்டியின் உள்ளே ஒரு தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். கிளச்சை மிதித்ததும் அத்தண்டிற்கு எஞ்சினின் தொடர்பு அறுந்துபோகும்; எனினும் சடத்துவத்தினால் அது சில வினாடிகள் சுழன்ற பின்னரே ஓயும். அதற்குள் ரிவர்ஸ் கியரைத் தள்ளினால், சுழலும் பற்களும் நிற்கும் பற்களும் மோதுகின்றன. ஓசைக்கு அடிப்படைக் காரணம் இதுவே.

வரிசையாகச் செய்ய வேண்டிய சோதனைகள்

செலவில்லாச் சோதனைகளை முதலிலும், கியர் பெட்டியைக் கழற்றுவதை இறுதியிலும் வைத்துக்கொள்வது அறிவுடைமை. சோதனைகளைச் சமதளத்திலேயே செய்தல் வேண்டும். வண்டியின் பின்னால் ஒருவரும் நிற்கலாகாது.

முதலாவது: வண்டியை முற்றிலும் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, கிளச்சை அடிவரை மிதித்து, ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போடுக. ஓசை எழவில்லையெனில் குறை வண்டியில் இல்லை, அவசரமே காரணம். ஐதராபாத்தில் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், சூடேறிய கியர் எண்ணெய் இளகித் தண்டின் சுழற்சியைத் தடுக்கும் ஆற்றல் குறைவதால், சற்றுக் கூடுதலாகப் பொறுக்க நேரிடலாம். எஞ்சின் நியூட்ரலில் மிகை வேகத்துடன் ஓடினாலும் அவ்வாறே.

இரண்டாவது: கிளச்சை மிதித்தபடியே முதலில் ஒரு முன் கியரைப் போட்டு, கிளச்சை விடாமல் உடனே ரிவர்சுக்கு மாற்றுக. முன் கியரின் சிங்க்ரோமெஷ் தண்டைப் பிடித்து நிறுத்திவிடும். பழைய ஜீப், அம்பாசடர் ஆகியவற்றின் முதல் கியருக்கு இவ்வமைப்பு இல்லாமையால், அவற்றில் இரண்டாம் கியரையே போட வேண்டும் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மூன்றாவது: பொறுத்தும் ஓசை நீங்கவில்லையெனில், எஞ்சினை நிறுத்திவிட்டு ரிவர்சைப் போடுக. பல்லுக்கு நேரே பல் நின்றுவிட்டால் கியர் விழாது. நியூட்ரலில் கிளச்சை ஒருமுறை விட்டு மிதித்து மீண்டும் முயலலாம். கியர் ஓசையின்றி விழுந்த பின், கிளச்சையும் பிரேக்கையும் நன்கு மிதித்தபடி எஞ்சினை இயக்குக. வண்டி பின்னோக்கி இழுத்தால், கிளச் முழுமையாகப் பிரியவில்லை என்பது தெளிவு. மிதிகட்டையின் வெற்றாட்டம் மிகுதல், கேபிள் நீளுதல், ஹைட்ராலிக் அமைப்பில் திரவம் குறைதல் அல்லது காற்று புகுதல், கிளச் தட்டு கோணுதல் என்பன இதற்குக் காரணங்கள். ஹைட்ராலிக் கிளச்சை இருமுறை மிதித்தவுடன் ஓசை நீங்கினால், காற்றோ திரவக் குறைவோ உள்ளதென ஐயுறலாம். மழைக்காலத்தில் பல வாரங்கள் ஓடாது நின்ற வண்டியில், தட்டு துருவினால் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும்.

நான்காவது: கிளச் நன்றாகப் பிரிந்தும், ரிவர்சில் மட்டும் ஓசை தொடருமாயின், கியர் மாற்றும் இணைப்புகளையும் எண்ணெயையும் ஆராய்க. வடித்தெடுத்த எண்ணெயில் பல்லின் துணுக்குகள் காணப்பட்டால் வண்டியை மேலும் ஓட்டலாகாது. அத்துணுக்குகள் ஏனைய சக்கரங்களையும் தாங்கிகளையும் கெடுத்துவிடும். கியர் பெட்டியைக் கழற்ற வேண்டிய தருணம் இதுவே.

கியர் விழுந்து வண்டி பின்னோக்கி நகரும்போது மட்டும் கேட்கும் சீரான ரீங்காரம், நேர்ப்பற்களின் இயல்பு. அது குறையன்று.

வகுப்பறையில்

ஆசிரியர் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுழற்றிவிட்டுக் கையை எடுக்கட்டும். பெடல் நின்ற பின்னும் பின்சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். கிளச்சை மிதித்த பின் சுழலும் தண்டின் நிலை இதுவே. பிறகு சக்கரத்தின் டயரில் துணியொன்றை மெல்ல அழுத்தினால், அது அமைதியாக ஓயும். சிங்க்ரோமெஷ் வளையத்தின் வேலை இத்தகையது. சடத்துவம், உராய்வு ஆகிய இரண்டையும் மாணவர் கண்ணாரக் காண்பர். ஓட்டுநரும் இவற்றை உணர்ந்துவிட்டால், ஐந்து வினாடிப் பொறுமை அவருக்குத் தானே கைவரும்.