தேங்காய் நீரோட்டம் காட்டுமா? தோட்டத்திலேயே சோதிக்கலாம்

மேட்டுப்பாளையம், காரமடை வட்டாரத்தில் பவானிக்கரையை விட்டு மேட்டுக்காட்டுக்கு வந்துவிட்டால் அடியில் கடும்பாறைதான். போர் போட்டுத் தண்ணீர் கிடைக்காவிட்டால் சிறு விவசாயிக்குக் கடன்தான் மிச்சம். ஆகவே பலரும் முதலில் நீரோட்டம் பார்ப்பவரை அழைக்கிறார்கள். உள்ளங்கையில் வைத்த தேங்காய் நிமிர்ந்தால் அங்கே தண்ணீர் உண்டு என்பது நம்பிக்கை. இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம்.

சோதனை 1: அவர் காட்டிய இடங்களைக் குறித்துக்கொண்டு, அடையாளங்களை அகற்றிவிடுங்கள். பிறகு அவர் சம்மதத்துடன் கண்ணைக் கட்டி, வேறு திசையிலிருந்து நடக்கச் சொல்லுங்கள். அதே இடங்களில் காய் நிமிர்கிறதா என்று பாருங்கள்.

சோதனை 2: ஓர் அடி ஆழத்தில் குழாய் புதையுங்கள். வால்வும் தண்ணீர் விழும் இடமும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தொலைவில் இருக்கட்டும். ஒருவர் காசு சுண்டி, தலை விழுந்தால் திறக்கவும், பூ விழுந்தால் மூடவும் வேண்டும். அவருடன் நிற்பவருக்கும் இது தெரியக்கூடாது. 20 முறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குருட்டு யூகத்திலேயே சுமார் 10 சரியாக வரும். யூகிப்பவர் 50 பேரில் ஒருவருக்கு 15 அல்லது அதற்கு மேலும் வரலாம். எனவே ஒருநாள் வெற்றியை நம்பாமல், மறுநாளும் செய்து பாருங்கள்.

ஜெர்மனியில் மூனிக் அருகே 1987, 1988-ல் இத்தகைய சோதனை நடந்தது. கொட்டகையின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் நின்றவர்களிடம் இடம் கேட்டார்கள். சுமார் 500 பேரில் தேர்ந்தெடுத்த 43 பேர் 843 முறை முயன்றனர். சிலருக்குத் திறமை உண்டு என்றனர் நடத்தியவர்கள். அமெரிக்க விஞ்ஞானி ஜிம் என்ரைட் அதே கணக்கை ஆராய்ந்து, இது குருட்டு யூகத்துக்கு மேல் இல்லை என்று காட்டினார்.

அப்படியானால் காய் நிமிர்வது ஏன்? மனம் எதிர்பார்க்கும்போது கைத்தசை தானறியாமல் அசையும். அவர் ஏமாற்றுகிறார் என்று பொருளல்ல. தண்ணீர் கிடைத்த போரை ஊரே பேசும்; வறண்ட போரை மறந்துவிடும். பாறை நிலத்தில் தண்ணீர் ஆறுபோல் ஓடுவதில்லை. சிதைந்த மேற்பாறையிலும் வெடிப்புகளிலும் தங்குகிறது.

செய்ய வேண்டியவை: பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை போர், எத்தனை அடி, தண்ணீர் வந்ததா என்று கேட்டு எழுதுங்கள், வறண்டவற்றையும் விடாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகி மின்தடை ஆய்வு செய்துகொள்ளுங்கள். கருவியும் தண்ணீருக்கு உத்தரவாதம் தராது. ஆனால் பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எங்கே சிதைந்திருக்கிறது என்று அறிய உதவும்.