அர்த்த சௌசமும் ஆத்ம சௌசமும்

அரசியலில் தூய்மை வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. அத்தூய்மை யாது, அதைக் காக்கும் வழி யாது என்று வினவினால் விடை கூறுவார் சிலரே. காஞ்சீபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், ஸ்ரீ வைகுண்டப் பெருமாள் திருக்கோயிலின் கற்சுவர் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக அவ்விடையைத் தாங்கி நிற்கிறது.

முதற் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919லும் 921லும் பிறந்த இரு சாஸனங்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அந்நாளில் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஸம்வத்ஸர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உரியவரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை இச்சாஸனங்கள் விதிக்கின்றன.

பின்னைய சாஸனத்தின்படி, குடத்தில் பெயர் இடப்பெறுபவன் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவனாதல் வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். நிலமும் கல்வியும் இருந்தால் மட்டும் போதாது. அர்த்த சௌசம், ஆத்ம சௌசம் என்னும் இரண்டும் வேண்டும். முன்னது பொருள் ஈட்டுவதில் தூய்மை. பின்னது உள்ளத்தின் தூய்மை. சௌசங்கள் அனைத்திலும் பொருட்தூய்மைக்கே மநு ஸ்ம்ருதியின் 5ஆம் அத்தியாயம் முதலிடம் தருகிறது. புஷ்கரிணியில் நீராடியவனுக்கு உடல் சுத்தமாகும். பிறர் பொருள் மடியில் இருக்கும்வரை அச்சுத்தி நிறைவுறாது.

ஆனால் ஒருவனது உள்ளத்தை ஊரார் எங்ஙனம் காண்பர்? காண இயலாது என்பதை உணர்ந்தே ஸபையோர் காணத்தக்கதைக் கேட்டனர். அதுவே கணக்கு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் புகலாகாது. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மருமகன், மைத்துனன் முதலிய உறவினர் பெயர்களும் புகலாகா. பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் பொய்யோலை எழுதியவனுக்கும் இடமில்லை. பதவிக் காலம் 360 நாட்கள். இருந்தவன் மீண்டும் வர மூன்றாண்டுகள் கழிய வேண்டும். இடையே குற்றம் கண்டால் அப்போதே நீக்கம்.

ஓலை எடுக்கும் முறையும் நோக்கத்தக்கது. ஊரிலுள்ள நம்பிமார் அனைவரும் ஸபையில் அமர்ந்திருப்பர். அவர்களுள் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணக் குடத்தை உயர்த்துவார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுப்பான். மத்யஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து அதை உள்ளங்கையில் ஏற்பான், பெயரை வாசிப்பான். பின்னர் நம்பிமார் அனைவரும் அதையே வாசிப்பர். வேறோர் ஓலை விரலிடையே மறைந்திருக்க இடமில்லை.

பெரியவரிடம் கணக்குக் கேட்பது அபசாரம் என்று கருதுவோர் உண்டு. மத்யஸ்தனும் ஊரார் நம்பிக்கைக்கு உரியவனே. ஆயினும் அவன் விரல்களை விரித்தான். அதனால் அவன் மானம் குறையவில்லை. சந்தேகத்துக்கு இடம் இல்லாமற் போனதால் அவன் சொல்லுக்கு வலிமையே கூடிற்று. கணக்குக் கேட்பவன் நேர்மையாளனுக்குப் பகைவன் அல்லன், துணைவன்.

அம்முறையில் குறை இல்லாமல் இல்லை. நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவருக்கு அக்குடத்தில் ஓலை இல்லை, பெண்டிருக்கும் இல்லை. இன்றோ 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லோர்க்கும் வாக்குரிமை உண்டு. வாயில் அகன்றது நன்றே. வாயில் அகன்ற அளவுக்குக் கணக்கும் வெளிச்சத்துக்கு வருதல் வேண்டும். மற்றொன்றும் கருதத்தக்கது: 919இல் செய்த விதி போதாமை கண்டு, இரண்டே ஆண்டுகளில் அதைத் திருத்தி விரித்தனர். தீயோர் ஒடுங்கி நல்லோர் தழைக்கவே திருத்தம் என்று காரணமும் பொறித்தனர். தம் விதியில் பிழை கண்டு திருத்த அவர்கள் நாணவில்லை.

தர்மம் ராஜ்யத்தை மட்டும் பற்றியதன்று. ஊராட்சியின் வரவு செலவாயினும், திருவிழாவுக்குத் திரட்டிய காணிக்கையாயினும், பொதுப்பொருளைத் தொடும் கை ஒவ்வொன்றும் விரிந்த கையாதல் வேண்டும். கிராம ஸபையில் கணக்கு வாசிக்கப்படும் நாளில் சென்று அமர்ந்து கேட்பதும் குடிமகனின் கடமை. கேட்பார் இல்லாத இடத்தில் நல்லவனும் தளர்வான்.

உத்தரமேரூர் செல்லும் அடியார்கள் பெருமாளை ஸேவித்தபின், சற்று நின்று அக்கற்சுவரையும் நோக்குவார்களாக. உள்ளத்தின் தூய்மையை எம்பெருமான் அறிவான். கையின் தூய்மையை ஊர் அறியுமாறு நடக்க அவனே அருள்புரிவானாக.

சுபம்.