கண்காட்சிக்கு எந்தக் காந்தம்?

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் ஒரு மேசையிலாவது 'மின்சாரம் இல்லாமல் சுழலும் காந்த விசிறி' இருக்கும். பக்கத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஏழாம் வகுப்புப் பையன். அவனைவிடப் பதற்றமாகப் பின்னால் அப்பா. விசிறி எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டால் மனப்பாடமாக ஒரு பத்தி வரும். அடுத்த கேள்விக்குப் பையன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பான்.

யூடியூபைப் பார்த்து இந்த மாடலுக்கு ஆசைப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காந்தம் ஈர்க்கும்போது கொடுத்த ஆற்றலை, விலகும்போது திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். ஒரு முழுச் சுற்றுக்குப் பின் மிச்சம் பூஜ்யம். போதாக்குறைக்கு உராய்வு வேறு. எனவே விசிறி நின்றே தீர வேண்டும். நிற்கவில்லையென்றால் எங்கோ ஒரு பட்டன் செல் ஒளிந்திருக்கிறது. 'அந்தரத்தில் மிதக்கும் காந்தம்' இதற்குத் தம்பி. நிலைக்காந்தங்களை மட்டும் வைத்து இன்னொரு காந்தத்தை அசையாமல் மிதக்கவிட முடியாது என்பது 1842-இலேயே கணிதவியலாளர் எர்ன்ஷா நிறுவிய விஷயம். கடையில் விற்கும் பொம்மையை உற்றுப் பார்த்தால், அதன் முனை ஒரு கண்ணாடித் துண்டில் முட்டிக்கொண்டிருக்கும். அல்லது அடியில் மின்சுற்று இருக்கும். காசு போனால் போகிறது, காந்தப்புலம் எப்படி இருக்கும் என்பதை இரண்டுமே காட்டுவதில்லை.

காட்டுபவை எளியவை. இரும்புத்தூளை எல்லோருக்கும் தெரியும்: காந்தத்தின்மேல் தாளை வைத்து, தூவி, லேசாகத் தட்டினால் போதும். லேத் பட்டறையில் கேட்டால் தூள் சும்மாவே கிடைக்கும். ஆனால் கோடுகளுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தில் புலம் இல்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தமாகி அடுத்ததோடு சங்கிலியாகச் சேர்வதால் வரும் இடைவெளிதான் அது. ஆணியில் செம்புக் கம்பி சுற்றிய மின்காந்தமும் நல்லதே. கம்பி சூடேறும், சில நொடிகளுக்கு மேல் பேட்டரியோடு இணைக்கக் கூடாது.

இருப்பதில் சிறந்தது திசைகாட்டிதான். 1820-இல் மின்னோட்டத்துக்குக் காந்த விளைவு உண்டென்று இயற்பியலாளர் அயர்ஸ்டெட்டுக்குக் காட்டிக்கொடுத்ததும் ஒரு காந்த ஊசியே. சட்ட காந்தத்தைத் தாளின் நடுவே வைத்து, அதன் வட துருவத்தருகே திசைகாட்டியை வையுங்கள். ஊசியின் இரு முனைகளுக்கும் நேராகப் பென்சிலால் புள்ளி வையுங்கள். ஊசியின் வால், தலைப்பக்கம் வைத்த புள்ளியில் வருமாறு திசைகாட்டியை நகர்த்தி, தலைக்கு நேராக அடுத்த புள்ளி. இப்படியே தென் துருவம்வரை போய், புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு. பத்துக் கோட்டில் புலம் தாளில் விரியும், திசையோடு. இரும்பு மேசை ஆகாது, மொபைல் பக்கத்தில் இருக்கக் கூடாது. தாளின் ஓரத்தில் கோடு வடக்கே திரும்பினால் அது பிழையல்ல, பூமியின் காந்தப்புலம்.

இதற்குப் பொறுமை வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஒரே அளவில் வராது. கம்பி சுற்றப் பிடித்தவளுக்கு மின்காந்தம், வரையப் பிடித்தவனுக்குத் திசைகாட்டி என்று கை போகும் வழியைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் கடைக்குப் போகலாம்.

நடுவர்களாக வரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பளபளக்கும் மாடலின் முன் நிற்கும்போது வெற்றுத் தாளை நீட்டி, இந்தக் காந்தத்தின் புலத்தை வரையச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அதற்குப் போடுங்கள்.