பாக்கி வாங்குமுன்: தறிக் குடும்பத்து இளைஞருக்கு ஒரு வழிமுறை

பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்து விசைத்தறிப் பட்டறைகளில் வேலைக்குச் சேரும்போது முதலாளி தரும் முன்பணத்துக்குப் பாக்கி என்று பெயர். கல்யாணம், மருத்துவம், வீட்டு ஒத்தி என எதற்கு வாங்கினாலும் அதைத் தீர்க்கும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. போக வேண்டுமானால் புதிய முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கடன் அப்படியே இருக்கும், கொடுத்தவர் மட்டும் மாறுவார். 18 வயதில் வாங்கும் முதல் பாக்கி, 40 வயதிலும் ஒருவரின் கூலியையும் வேலை நேரத்தையும் தீர்மானிப்பது இதனால்தான். வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடிந்தவருக்கே கூலி பேசும் வலிமை உண்டு. 15 முதல் 25 வயதுக்குள் அந்த வலிமையைக் காத்துக்கொள்ளும் படிகள் கீழே வருகின்றன.

1. வீட்டுக் கடனை எழுதிப் பார்த்தல்

ஒரு நோட்டில் யாரிடம் வாங்கியது, எவ்வளவு, என்ன வட்டி, வாரம் எவ்வளவு கட்டுவது என்று நான்கு பத்திகள் போட்டு, பாக்கி, குழுக் கடன், நகைக் கடன், கைமாற்று அனைத்தையும் எழுத வேண்டும். மாத வட்டியை 12ஆல் பெருக்கினால்தான் உண்மை தெரியும்: 3 ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம், 10 ரூபாய் வட்டி என்பது 120 சதவீதம். வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைக்க வேண்டும்.

பாக்கிக்குப் பெரும்பாலும் தனி வட்டி இல்லாததால் அது மலிவான கடனாகத் தெரியும். ஆனால் 50,000 ரூபாய் பாக்கிக்கு வாரம் 300 ரூபாய் பிடித்தால் அடைய 167 வாரம், அதாவது மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். இடையில் தீபாவளிக்கு மேலும் 10,000 வாங்கினால் கணக்கு மறுபடி நீளும். அத்தனை காலமும் கூலி உயர்வை வற்புறுத்திக் கேட்க முடியாது. அந்த இழப்பையும் கடனின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

2. பத்தாம் வகுப்புக்குப் பின் வழியைத் தேர்தல்

தறிக்குப் போவதா, கல்லூரிக்குப் போவதா என்ற இரண்டு வழிகள் மட்டும் இருப்பதாக நினைத்துப் பலர் படிப்பை விடுகிறார்கள். இடையிலும் வழிகள் உண்டு.

• ஐ.டி.ஐ.: பிட்டர், எலக்ட்ரீசியன் போன்றவை இரண்டாண்டுப் பிரிவுகள். முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் அதேபோல் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

• பழகுநர் பயிற்சி: 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் உதவித்தொகையுடன் பழகுநர்களை எடுக்க வேண்டும். உள்ளூரில் சேஷசாயி காகித ஆலை, காவிரிக்கு அக்கரையில் ஈரோட்டு ஆலைகள் எனப் பெரிய நிறுவனங்களில் விசாரிக்கலாம்.

• ஜவுளித் தொழில்நுட்பம்: சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மூன்றாண்டு டிப்ளமோ நடத்துகிறது. தறிச் சத்தத்தில் வளர்ந்தவருக்கு அங்குள்ள பாடம் அந்நியமாக இராது.

• பன்னிரண்டாம் வகுப்பும் கல்லூரியும்: அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. உயர்கல்வியில் சேரும் அரசுப் பள்ளி மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதம் 1,000 ரூபாய் தருவதற்காகத் தொடங்கப்பட்டவை.

• லாரித் தொழில்: சங்ககிரி, நாமக்கல் லாரிகளும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் அருகிலுள்ள பெரிய வேலைவாய்ப்புகள். கார் உரிமம் 18 வயதில் கிடைக்கும். கனரக வாகனத்துக்கு 20 வயதும், இலகுரக உரிமம் பெற்று ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும்.

3. தறியிலேயே நிற்பவர் வேலையில் ஏறுதல்

தார் சுற்றுதல், தறி ஓட்டுதல் இரண்டிலும் கூலி ஒரு வரம்போடு நின்றுவிடும். பாவு பிணைத்தல், தறி பிட்டர் வேலை, மோட்டார் பழுது, ரேப்பியர் போன்ற நாடா இல்லாத் தறிகளை இயக்குதல் ஆகியவை தெரிந்தவரைப் பட்டறைகள் தேடி அழைக்கும். தறி ஓட்டத் தொடங்கிய இரண்டாம் ஆண்டுக்குள் இவற்றில் ஒன்றைக் கற்கத் தொடங்குவது நல்லது. கோவையிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா நடத்தும் விசைத்தறிச் சேவை மையங்களில் பயிற்சி பற்றிக் கேட்கலாம்.

4. காகிதங்களைச் சரிசெய்தல்

மாற்றுச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிக் கணக்கு நான்கிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். அசல் சான்றிதழை எவரிடமும் ஈடாக வைக்கக் கூடாது. 16 வயதில் இ-ஷ்ரம் தளத்திலும், 18 வயதில் விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்யலாம். வாரியம் விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதில் ஓய்வூதியம் ஆகியவற்றை வழங்குகிறது.

பெரும்பாலான பட்டறைகள் சிறியவை. இ.எஸ்.ஐ. 10 பேருக்கும், வருங்கால வைப்பு நிதி 20 பேருக்கும் குறையாத இடங்களில்தான் கட்டாயம். பெரிய ஆலையில் சேர்ந்தால் வைப்பு நிதியின் யூ.ஏ.என். எண்ணைக் குறித்து வைத்து, வேலை மாறும்போது அதே எண்ணில் தொடர வேண்டும். 10 ஆண்டுச் சேவை இருந்தால்தான் அதில் ஓய்வூதியம் கிடைக்கும்.

5. சேமிப்பும் உடலும்

சனிக்கிழமைக் கூலியில் ஒரு சிறு தொகையை அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டு வந்தால், மூன்று மாத வீட்டுச் செலவு சேர்ந்தவுடன் பாக்கியின் தேவை பாதி குறையும். ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டையும், 436 ரூபாய்க்கு அதே தொகைக்கு ஆயுள் காப்பீட்டையும் வங்கிக் கணக்கு வழியே எடுக்கலாம்.

தறிக்கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். அதனால் போகும் காது கேட்கும் திறன் திரும்ப வராது. முதல் நாளிலிருந்தே காதடைப்பான் அணிய வேண்டும். பஞ்சுத் தூசிக்கு முகக்கவசம் தேவை.

6. பாக்கி தவிர்க்க முடியாதபோது

வீட்டின் மூன்று மாதக் கூலிக்கு மேல் வாங்கக் கூடாது. தொகை, தேதி, வாரப் பிடித்தம் மூன்றையும் இருவர் நோட்டிலும் எழுதி, ஒவ்வொரு வாரமும் மீதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெற்றுத்தாளிலோ தொகை எழுதாத பத்திரத்திலோ கையெழுத்துப் போடக் கூடாது. கணவன் மனைவி இருவரும் ஒரே பட்டறையில் பாக்கி வாங்கினால் இருவரின் வேலையும் ஒன்றாகக் கட்டுப்படும்.

7. ஏற்கெனவே சிக்கியவர் வெளியேறுதல்

கடனைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் தடுப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கொத்தடிமை என்று உறுதியானால் அந்தக் கடனும் செல்லாது. திருச்செங்கோடு கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

கடனை அடைக்கச் சிறுநீரகம் விற்கலாம் என்று வரும் தரகரை அண்டவிடக் கூடாது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி அது குற்றம், விற்றவரும் தண்டனைக்கு உரியவர். பள்ளிபாளையம் தறித் தொழிலாளர்களைக் குறிவைத்த தரகு 2025இல் அம்பலமாகி, உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது.

8. சொந்தத் தறி போடுதல்

பாக்கி இல்லாத நிலையில், பிட்டர் வேலை தெரிந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் கிடைக்கும். விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் 2023இல் அறிவிக்கப்பட்டது. நூல் விலை ஏறினால் வியாபாரி கூலிப் பாவு தருவதைக் குறைப்பார். ஆகவே தறி ஓடாத மூன்று மாதங்களுக்கான வங்கித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டே தறி வாங்க வேண்டும்.